பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்': இசைத்தட்டில் கேட்பதா, செயலியில் கேட்பதா?

1967-இல் தன் பாடகர் சிட் பாரெட்டின் விசித்திரமான குட்டிப் பாடல்களோடு முதல் ஆல்பம் வெளியிட்ட லண்டன் ராக் குழு பிங்க் ஃப்ளாய்ட். 1968-இல் அவர் விலகியபின் நீண்ட இசைக்கோவைகளுக்குத் திரும்பியது. 1971-இல் 'எக்கோஸ்' ஒன்றே இசைத்தட்டின் ஒரு பக்கத்தை, 23 நிமிடத்தை, எடுத்துக்கொண்டது. அந்த நீளத்தைச் செதுக்கிக் கூராக்கியது 1973-இன் இந்த ஆல்பம்.

'மணி' (Money, அதாவது பணம்) பாடலைக் கவனியுங்கள். காசு குலுங்கும் சத்தம், காகிதம் கிழியும் சத்தம், கல்லாப்பெட்டி மணி எல்லாவற்றையும் பதிந்து, நாடாவை அளந்து வெட்டி, வளையமாக ஒட்டி ஏழு தட்டுத் தாளமாக்கினார்கள். 'தகிட தகதிமி' என்று எண்ணினால் கச்சிதமாக விழும். குழுவின் கிடார் கலைஞர் டேவிட் கில்மோரின் தனி ஆவர்த்தனத்தில் தாளம் நான்குக்கு மாறும். அந்த இடத்தில் பாட்டு கட்டவிழ்ந்து பாயும்.

செயலியில் கேட்பவர்கள் கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கத்தோடு கலக்கும் அமைப்பு) 0-வில் வையுங்கள். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழாத அமைப்பு இயங்கட்டும். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று பின்னிய பாடல்கள் அறுந்துபோகும்.

இசைத்தட்டில் தொடக்க இதயத்துடிப்பு மிக மெல்லியது. தூசி இருந்தால் பொரியும் சத்தம்தான் முன்னால் கேட்கும். தட்டையும் ஊசியையும் முதலில் துடைத்துவிடுங்கள். கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டாதீர்கள், 'டைம்' பாடலின் கடிகாரங்கள் ஒரேயடியாக அலறும்! ஆனாலும் இசைத்தட்டுக்கே என் ஓட்டு. முதல் பக்கத்தின் கடைசிப் பாடலில் பாடகி கிளேர் டோரியின் குரல் அடங்கியதும் எழுந்து தட்டைத் திருப்பும் அந்த மௌனம் செயலியில் கிடைக்காது.