நாமே கழற்றும் காயலான் கடை: ஒரு மியாட்டாவுக்காக ஏழு நடை

வாசலில் இரண்டு டாலர் கட்ட வேண்டும். அப்புறம் கருவிப்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள். கேஸ் கட்டர், ஜாக்கி இரண்டுக்கும் அனுமதி இல்லை. செருப்போடு போனால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைத் தாண்டினால் ஏக்கர் கணக்கில் கார்கள். பழைய ரிம்களைச் சேர்த்து வெல்டு வைத்த தாங்கிகள்மேல், சக்கரம் இல்லாமல் வரிசையாக நிற்கும். வேண்டியதை நாமே கழற்றி, தள்ளுவண்டியில் வைத்து கவுண்டருக்குக் கொண்டுவந்து பணம் கட்ட வேண்டும்.

சென்னைக்காரனான எனக்கு இதைக் காயலான் கடை என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் புதுப்பேட்டையில் கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்து விலை சொல்வார், நாமும் பாதியிலிருந்து ஆரம்பிப்போம். இங்கே விலைப்பட்டியல் சுவரில் தொங்குகிறது. ஆல்டர்னேட்டர் என்றால் ஒரே விலை. அது கரோலாவில் இருந்ததா, பி.எம்.டபிள்யூவில் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

கனடாவில், டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலிருந்து முக்கால் மணி நேர ஓட்டம். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே இரண்டு புகார்கள் இருக்கின்றன.

முதலில் வண்டி. 2008 மாஸ்டா எம்எக்ஸ்-5, இங்கே எல்லோருக்கும் மியாட்டா. என்.சி. எனப்படும் மூன்றாம் தலைமுறை, 2 லிட்டர் எஞ்சின், சிவப்பு. முன்பக்கம் இடது மூலையில் அடி. தரகர் மூலம் ஏலத்தில் 2,400 டாலருக்கு எடுத்தேன். ஏலக் கட்டணம், தரகர் கூலி, இழுவை வண்டி எல்லாம் சேர்ந்து 3,230 ஆனது. அதைவிட மலிவாக இரண்டு மியாட்டாக்கள் வந்தன, தொடவில்லை. அவற்றில் ஏர்பேக் வெடித்திருந்தது. ஏர்பேக் வெடித்தால் பை மட்டும் போவதில்லை. டேஷ்போர்டு, சீட் பெல்ட், கட்டுப்பாட்டுப் பெட்டி என்று வரிசையாகச் செலவு நிற்கும்.

ஒன்டாரியோவில் 2003 முதல் இப்படி அடிபட்ட வண்டிக்குப் பதிவிலேயே முத்திரை விழுகிறது. 'சால்வேஜ்' முத்திரை இருந்தால் சாலையில் ஓட்ட முடியாது. சரிசெய்து, உரிமம் பெற்ற இடத்தில் கட்டமைப்புச் சோதனைச் சான்றிதழ் வாங்கினால் 'ரீபில்ட்' என்று மாறும். வழக்கமான சேஃப்டி சான்றிதழ் அதற்குமேல் தனி. ஆகவே சேஸிஸ் நேராக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையின் பட்டறைக்குப் போனேன்.

அண்ணை வருவதற்குள் நானே பெரிய ஆள் மாதிரி ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை எடுத்து வண்டியைச் சுற்றினேன். பட்டி பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காது என்று எங்கள் ஊர் டிங்கர் சொல்லித் தந்த வித்தை. கதவில் பிடித்தது. பின் மட்கார்டில் பிடித்தது. பானெட்டில் வைத்தேன், வழுக்கிக் கீழே விழுந்தது. இன்னொரு இடத்தில் வைத்தேன், அங்கேயும் விழுந்தது. பானெட் முழுக்கப் பட்டியா என்று வயிற்றைக் கலக்கிவிட்டது. அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "தம்பி, உதுக்கு ஏன் முழிக்கிறீர்? பானெட் அலுமினியம். பின்னால டிக்கியும் அலுமினியம்தான், வேணுமெண்டால் வச்சுப் பாரும்." வைத்துப் பார்த்தேன். விழுந்தது.

அளந்ததில் முன் சட்டம் 9 மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது. சங்கிலி போட்டு இழுத்து நேராக்க 850 டாலர். இந்த வேலையில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

இனி யார்டு, அதாவது அந்தக் காயலான் கடை. நான் போன ஏழு நடையில் மியாட்டா கண்ணில் பட்டது ஒரே ஒரு முறை. வெள்ளி நிறம், ஹெட்லைட் இல்லை, சீட் இல்லை, ஸ்டியரிங்கும் போயிருந்தது. ஸ்போர்ட்ஸ் கார் உள்ளே வந்த அன்றே கழுகுகள் கொத்திவிடுகின்றன. ஆனால் இடது ஃபெண்டர், அதாவது முன் மட்கார்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அன்று மைனஸ் 11. ஃபெண்டரைப் பிடித்திருப்பவை பத்து எம்எம் போல்ட்கள்தான். மேலே இருப்பவை வெண்ணெய் மாதிரி வந்தன. கதவைத் திறந்தால்தான் தெரியும் கீல் பக்கத்து போல்ட்டும் வந்துவிட்டது. அடியில், சக்கரத்துக்குப் பின்னால் இருப்பது மட்டும் பத்துப் பதினைந்து குளிர்காலத்துச் சாலை உப்பைக் குடித்து ஊறிப்போயிருந்தது. எண்ணெய் அடித்துப் பத்து நிமிடம் காத்திருந்து, ராட்செட்டை மெதுவாகத் திருப்பினேன். 'டக்' என்று தலை தனியாக வந்துவிட்டது. கழற்றுபவனுக்கு அது லாபம்தான், ஃபெண்டர் கையோடு வந்தது. சக்கர வளைவின் பிளாஸ்டிக் கிளிப்கள் அந்தக் குளிரில் அப்பளம் மாதிரி நொறுங்கின. ஃபெண்டருக்கு 45 டாலர் கட்டினேன்.

இந்தக் கடையின் உண்மையான பயன் எனக்கு நான்காவது நடையில்தான் புரிந்தது. மியாட்டாவைத் தேடிப் போகக் கூடாது, மாஸ்டா 3-ஐத் தேடிப் போக வேண்டும். முதல் தலைமுறை மாஸ்டா 3 இந்த ஊரில் தெருவுக்கு நான்கு ஓடியது, யார்டிலும் எப்போதும் ஐந்தாறு நிற்கும். எஞ்சின் குடும்பம் ஒன்றுதான். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் அதிலிருந்துதான் எடுத்தேன், நேராகப் பொருந்தியது. சக்கரமும் அப்படியே. பழைய மியாட்டாக்களுக்கு நான்கு போல்ட், என்.சி.க்கு மட்டும் ஐந்து, போல்ட்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீட்டர், நடு ஓட்டை 67.1 மில்லிமீட்டர். மாஸ்டா 3-க்கும் அதே கணக்கு. என்னுடைய ஒரு ரிம் நெளிந்திருந்தது. மாஸ்டா 3-இன் 17 அங்குல ரிம் அகலத்தில் அரை அங்குலம் குறைவு என்பதால் நான்கையும் எடுத்துவிட்டேன். மியாட்டா ரிம்முக்கு ஸ்போர்ட்ஸ் கார் விலை கேட்பார்கள். இங்கே அது வெறும் ரிம்.

சரி, புகார்கள். ஆறாவது நடைக்கு முன் போன் செய்து கேட்டேன். இன்னொரு மியாட்டா வந்திருக்கிறது, 42-ஆம் வரிசை என்றார்கள். போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் உருகிய பனிதான் இருந்தது. வண்டியை இரண்டு நாள் முன்பே நசுக்கி அனுப்பிவிட்டார்களாம். அடுத்தது, கவுண்டர் அலமாரியில் கழற்றி வைத்திருந்த ஒரு ஹெட்லைட். 90 டாலர், 30 நாளில் திருப்பலாம் என்றார்கள். வீட்டில் மாட்டி எரியவிட்டதும் கண்ணாடிக்குள் ஆவி படர்ந்தது. நான்காம் நாள் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார்கள், பணம் தரவில்லை. கடையில் மட்டும் செல்லும் கிரெடிட், அதற்கும் 90 நாள் கெடு. இந்த விவரம் ரசீதின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்தது. கடைசியில் ஹெட்லைட்டைப் புதிதாக, வேறு கம்பெனி தயாரிப்பு, 210 கொடுத்து வாங்கினேன். ரேடியேட்டர், ஏ.சி. கண்டென்சர், சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் மூன்றும் புதிது. உப்பில் கிடந்த ஆர்மை, அதன் நுனியில் இருக்கும் பால் ஜாயிண்டோடு கழற்றி இன்னொரு வண்டியில் மாட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.

ஏர்பேக்கை இங்கே வாங்கவே வாங்காதீர்கள். டகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனியின் ஏர்பேக் விவகாரம் தெரிந்திருக்கும். ஈரமும் வெப்பமும் பட்டு உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் கெட்டு, விரியவேண்டிய பை உலோகத் துண்டுகளை முகத்தில் வீசியது. அமெரிக்காவில் மட்டும் கோடிக்கணக்கில் திரும்ப அழைத்தார்கள். எந்த வண்டியில், எத்தனை வெயிலில் கிடந்தது என்று தெரியாத பையை 40 டாலருக்கு வாங்கி மனைவி முன்னால் மாட்ட வேண்டுமா?

ஏழு நடையில் யார்டுக்குக் கொடுத்தது 486. சான்றிதழ்கள், வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போது 5,700 டாலர் ஆகியிருந்தது, வரி தனி. உழைப்புக்குக் கூலி போட்டால் நஷ்டம்தான், போடவில்லை. விற்கும்போது 'ரீபில்ட்' முத்திரை விலையைக் குறைக்கும். நான் விற்பதாக இல்லை.

கடைக்கு ஐந்தில் மூன்றரை தருவேன். விலைக்கு ஐந்து, போனில் பேசுபவருக்கு ஒன்று. போகிறவர்கள் சனிக்கிழமை காலை போகாதீர்கள், தள்ளுவண்டி கிடைக்காது. வாரநாள் மதியம் நல்லது. கைப்பிடி நீளமான ராட்செட், பழைய துணி, உடைந்த கிளிப்புக்குப் பதில் கட்ட ஜிப் டை கட்டாயம்.

ஃபெண்டர் இன்னும் வெள்ளி நிறத்திலேயே இருக்கிறது. வண்டியின் சிவப்புக்குக் குறியீடு ஏ4ஏ. பெயிண்டர் மே மாதம் வா என்று சொல்லியிருக்கிறார். அதுவரை பக்கத்து வீட்டுப் பையன்கள் ஒட்டுப்போட்ட சட்டை என்கிறார்கள். ஹெட்லைட் கிரெடிட்டில் 62 டாலர் மிச்சம், கெடு 21-ஆம் தேதி. வைப்பர் மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது, இருந்தாலும் வியாழக்கிழமை போய் மாஸ்டா 3-இல் வேறு என்ன பொருந்துகிறது என்று பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.