ரெஸ்ஸி, ஸ்டிக்ஸ், ஆதித்யா: சூரியப் பிழம்பை ஆராய எது தோது?

சூரியப் பிழம்பு வெடிக்கும்போது எலக்ட்ரான்கள் எங்கே வேகம் பிடிக்கின்றன? இதற்குச் சரியான சாட்சி கடின எக்ஸ் கதிர், அதாவது ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர். பூமியின் காற்று அதைத் தரைக்கு விடாது என்பதால் கருவியை விண்வெளிக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

நாசாவின் ரெஸ்ஸி விண்கலம் 2002 முதல் 2018 வரை உழைத்தது. கடின எக்ஸ் கதிரைக் கண்ணாடி வைத்துக் குவிப்பது பெரும்பாடு. அதனால் ஒன்பது ஜெர்மானியம் உணரிகளுக்கு முன்னால் நுண்பிளவுத் தட்டிகளை வைத்து, விண்கலத்தையே நிமிடத்துக்குச் சுமார் 15 முறை சுழலவிட்டார்கள். கதிர் கூடிக் குறையும் தாளத்திலிருந்து கணக்குப் போட்டுப் படத்தை மீட்டார்கள். அசாத்திய யோசனை! கதிரின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் அளப்பார்கள்; 17 மெகா (170 லட்சம்) எலக்ட்ரான் வோல்ட் வரை, அதாவது காமா கதிர் வரை அதற்கு எட்டியது. 2002 ஜூலை 23 பிழம்பில் அயனிகள் மோதிய இடம் எலக்ட்ரான்கள் மோதிய இடத்திலிருந்து விலகி இருப்பதை அதுதான் காட்டியது. ஆனால் தாழ்வான சுற்றுப்பாதை. பிழம்பு உச்சத்தில் இருக்கும்போது பூமி குறுக்கே வந்தால் போச்சு.

2020இல் கிளம்பிய சோலார் ஆர்பிட்டர் விண்கலத்தில் உள்ள ஸ்டிக்ஸ் கருவி சுழல்வதில்லை. இரண்டு தட்டிகளின் வரிகளைச் சற்றே மாற்றி வைத்து, அவற்றின் நிழலில் விழும் கோலத்தைப் படிக்கிறது. துல்லியம் சுமார் 7 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு; எண் குறையக் குறையப் படம் கூர்மை), ரெஸ்ஸிக்கோ 2.3. காகிதத்தில் ஸ்டிக்ஸ் பின்தங்கியதுபோல் தெரியும். ஆனால் அது பூமி–சூரியத் தொலைவில் 0.28 பங்கு வரை நெருங்கிப் போகிறது. அந்த 7, பூமியிலிருந்து பார்த்தால் சுமார் 2 வில்விநாடிக்குச் சமம். பூமியிலிருந்து தெரியாத பக்கத்துப் பிழம்புகளும் அதற்குச் சிக்கும்.

இந்தியாவின் ஆதித்யா எல்1 எக்ஸ் கதிரில் படம் எடுக்காது. அதன் சோலெக்ஸ் கருவி 2–22, ஹீலியோஸ் கருவி 10–150 கிலோ (ஆயிரம்) எலக்ட்ரான் வோல்ட் வரை முழுச் சூரியனின் நிறமாலையைப் பதிகின்றன. எல்1 என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையே விண்கலம் நிலைகொள்ள ஏற்ற ஒரு புள்ளி; அங்கே பூமி மறைக்காது என்பதால் பிழம்பின் முதல் சிணுங்கல் முதல் தணிவு வரை ஒரே தொடராகக் கிடைக்கும்.

இடம் அறிய ஸ்டிக்ஸ், நேரம் அறிய ஆதித்யா என்பேன். இந்த மூன்றில் காமா வேண்டுமென்றால் ரெஸ்ஸியின் பழைய தரவுக்குத்தான் போக வேண்டும். மற்ற இரண்டும் 150 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் நின்றுவிடுகின்றன. அப்புறம், ஸ்டிக்ஸும் ஹீலியோஸும் ஒரே எல்லையில் நிற்பது ஒருவகையில் வசதிதான். ஒரே பிழம்பை இரு கோணங்களிலிருந்து அளந்து ஒப்பிட்டால், எலக்ட்ரான்கள் ஒரே திசையில் பாய்கின்றனவா, எல்லாப் பக்கமும் சிதறுகின்றனவா என்று கேட்கலாம். ஒற்றைக் கருவியால் அதை நேரடியாகச் சொல்வது கடினம்.