எந்த மண் என்பதைவிட எந்தச் சூளை: பெரம்பூர் பால்கனியிலிருந்து ஓர் ஒப்பீடு

பெரம்பூரில் இரண்டாவது மாடி வாடகை வீடு. பால்கனியில் ஒரு பழைய கதவுப் பலகை, ஒரு பக்கெட், ஈரச் சாக்கு. என் மண்பாண்டப் பட்டறை அவ்வளவுதான். நாலு வருஷத்தில் மூன்று மண்ணைப் பிசைந்து பார்த்துவிட்டேன்: ஸ்டேஷனரி கடையில் பாக்கெட்டில் வரும் ஏர் டிரை களிமண், கொசப்பேட்டையில் வாங்கும் பானை மண், ஸ்டுடியோக்காரர்கள் விற்கும் ஸ்டோன்வேர் மண். எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்கள் பாதிப் பேர் சக்கரம் என்ன விலை என்றுதான் தொடங்குகிறார்கள். சக்கரம் கடைசிக் கவலை. செய்ததை எங்கே கொண்டுபோய்ச் சுடப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு பண்ணுங்கள்.

களிமண் வெயிலில் எவ்வளவு காய்ந்தாலும் தண்ணீரில் போட்டால் மறுபடியும் சேறுதான். 500, 600 டிகிரி செல்சியஸ் வாக்கில் மண்ணுக்குள்ளேயே பிணைந்து கிடக்கும் நீரும் வெளியேற வேண்டும். அதற்கப்புறம்தான் அது கரையாத ஓடாகிறது. வீட்டில் கேக் சுடும் அவன் 250 டிகிரியோடு நின்றுவிடும். அதில் வைத்துச் சுடலாமா என்று கேட்டு எனக்கு மாசம் ஒரு மெசேஜாவது வருகிறது. முடியாது.

ஏர் டிரை களிமண்ணுக்குச் சுடும் தொல்லையே கிடையாது, காற்றிலேயே இறுகிவிடும், அதனால்தான் விற்கிறது. ஃபிரிட்ஜ் மேக்னெட், கொலுவுக்குக் குட்டிச் செட்டியார் கடை, பிள்ளைகளுக்கு லீவு நாள் பொழுது, இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். என் அண்ணன் மகள் துளசித் தொட்டிக்கு அடியில் வைக்க இதில் ஒரு தட்டு செய்து, பெயின்ட் அடித்து, வார்னிஷும் பூசினாள். ஐப்பசி மழையில் பத்தே நாளில் கொழகொழவென்று ஆகிவிட்டது. இதை மண்பாண்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொசப்பேட்டைக்கு வருகிறேன். புரசைவாக்கத்தை ஒட்டிய பேட்டை. குயவர் பேச்சுவழக்கில் கொசவராகி, ஊர்ப்பெயரிலும் ஒட்டிக்கொண்டார். இன்றைக்கு அந்தச் சந்துகளில் பிள்ளையாரும் கொலு பொம்மையும்தான் அதிகம். அதனால் ஆடி பிறந்ததிலிருந்து சரஸ்வதி பூஜை வரைக்கும் அங்கே போய் "எனக்குக் கொஞ்சம் மண்ணு" என்று நிற்காதீர்கள், யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. அது முடிந்தால் மழை. தை பிறந்த பிறகு போவதுதான் உசிதம்.

பானை மண்ணில் மணல் கலந்திருக்கும். கைக்குக் கொஞ்சம் சொரசொரப்புதான், ஆனால் புதுசாகக் கற்பவரின் தப்புகளை நிறையவே மன்னிக்கும். சக்கரம் வேண்டாம். மண்ணை முறுக்குத் திரி மாதிரி உருட்டி, வட்டமாகச் சுற்றி, திரிக்குத் திரி விரலால் இழுத்து ஒட்டினால் கிண்ணம் வந்துவிடும். தெரிந்தவர்கள் வனைவதைப் பார்த்தால் ஒன்று கவனிக்கலாம்: பெரிய பானை சக்கரத்திலிருந்து இறங்கும்போது அதற்கு அடியே இருக்காது. கொஞ்சம் இறுகியதும் உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். பானையின் அடி உருண்டையாகவும் மெல்லிசாகவும் இருப்பது இந்தத் தட்டலால்தான்.

என்னுடைய முதல் கிண்ணத்தின் அடி தோசைக்கல் கனம். பத்து நாள் காயவைத்து, பெருமையாகத் தூக்கிக்கொண்டு போனேன். சூளை வைக்கும் பெரியம்மா அதை வாங்கித் தட்டிக்கூடப் பார்க்கவில்லை, கன்னத்தில் வைத்தார். "இன்னாம்மா, உள்ள ஈரமா கீது. இத்த வெச்சா பக்கத்துல கீறதையும் சேத்து ஒடச்சிடும்" என்று திருப்பிக் கொடுத்தார். கன்னத்துக்கு ஜில்லென்று பட்டால் ஈரம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும், கனத்த அடிக்குள் அந்த ஆவிக்கு வழி ஏது? கடல் காற்று வீசும் நம்ம பக்கம் வெளியே காய்ந்த மாதிரி தெரிவதை நம்பவே கூடாது. இப்போதெல்லாம் சுண்டுவிரல் கனத்துக்கு மேல் நான் விடுவதில்லை.

நாட்டுச் சூளையில் விறகும் வைக்கோலும் எரிந்து 700 முதல் 900 டிகிரி வரை போகும். நிறம் நம் கையில் இல்லை. காற்று நன்றாகப் பட்ட இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும், காற்று எட்டாமல் புகை அடைந்த இடம் கறுக்கும். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளுக்கும் இதுதான் சூட்சுமம், உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த பொருட்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சூளைக்கு ஒரு தடவை போய்வந்த பிறகு பார்த்தால் அந்தப் பானைகளில் புகை போன வழி தெரியும்.

ஸ்டோன்வேர் வேறு சாதி. 1,200 டிகிரிக்கு மேல், பெரும்பாலும் மின்சாரச் சூளையில். அந்தச் சூட்டில் மண் உருகத் தொடங்கி இறுகிவிடும், தண்ணீர் குடிக்காது. காபி கப், தயிர் கிண்ணம், எலுமிச்சை ஊறுகாய் வைக்க இதைத் தவிர வேறு எதையும் சொல்லமாட்டேன். செலவு அதிகம். சுருக்கமும் அதிகம்: 10 செ.மீ. உயரத்துக்குச் செய்தால் 9-க்குக் கீழே வந்து நிற்கும், கப் என்று நினைத்தது டம்ளர் ஆகிவிடும். எனக்குக் கிடைத்த ஸ்டுடியோக்களெல்லாம் கூவத்துக்குத் தெற்கே. சுடாத கப்பை மடியில் வைத்துக்கொண்டு 29சி-யில் பெரம்பூரிலிருந்து அடையாறு வரை போயிருக்கிறீர்களா? இறங்கிப் பார்த்தால் கைப்பிடி தனியாகக் கையில். பஸ்ஸைச் சொல்லிக் குற்றமில்லை. காய்ந்த பச்சை மண் பிஸ்கட்டைவிட லேசில் உடையும், துணி சுற்றி டப்பாவில் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் ஸ்டோன்வேர் கிண்ணத்தை அடுப்பில் ஏற்றாதீர்கள், நேரடி நெருப்பில் வெடித்துவிடும். சங்கரா மீன் குழம்புக்கு மண்சட்டிதான். அதன் மணலும் நுண்ணிய துளைகளும் சூட்டைத் தாங்கும். புதுச் சட்டியைக் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்துப் பழக்குவது அந்தத் துளைகளை அடைக்கத்தான்.

அலங்காரத்திலும் இதே கணக்கு. பானை மண் முழுசாகக் காயும் முன் செம்மண் கரைசல் பூசி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால் வரும் மினுமினுப்பு எந்த பெயின்டிலும் வராது. அக்ரிலிக் அடிப்பதென்றால் பூத்தொட்டியில் அடியுங்கள். தண்ணீர்ப் பானைக்கு மயில், தாமரை என்று சுற்றிலும் பெயின்ட் அடித்துவிட்டு, தண்ணீர் ஜில்லென்று இல்லை என்று குறைப்பட்டார் மாடி வீட்டு அக்கா. கசிந்து ஆவியாகிற வழியை அடைத்துவிட்டால் எப்படிக் குளிரும்? ஸ்டோன்வேரில் மேலே பூசும் மெருகு (கிளேஸ்) சூளையிலேயே கண்ணாடியாகிவிடும். சாப்பாட்டுப் பாத்திரம் என்றால் ஈயம் கலக்காத மெருகுதானா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள், புளிப்பு பட்டால் ஈயம் இறங்கும்.

பழைய சாமான் கடையில் எது எது என்று அடையாளம் காண வேண்டுமா? கவிழ்த்து அடியைப் பாருங்கள், மெருகு படாத வளையம் அங்கேதான் இருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உறிஞ்சினால் குறைந்த சூட்டில் வெந்த மண், அப்படியே நின்றால் ஸ்டோன்வேர் அல்லது பீங்கான். வெளிச்சத்தில் பிடித்து, விரல் நிழல் உள்ளே தெரிந்தால் பீங்கான். நாம் பீங்கான் ஜாடி என்று சொல்லும் மேலே பழுப்பு, கீழே வெள்ளை ஊறுகாய் ஜாடி பெரும்பாலும் ஸ்டோன்வேர்தான். பாட்டியிடம் சொல்லிப் பார்த்தேன், ஒத்துக்கொள்ளவில்லை.

பணமும் அலைச்சலும் பொருட்டில்லை, வீட்டில் புழங்கவே வேண்டும் என்றால் ஸ்டோன்வேர். மண்ணின் குணம் தெரியவேண்டும் என்றால் கொசப்பேட்டை. என்னைக் கேட்டால் முதல் ஒரு வருஷம் இரண்டாவதுதான். இப்போது பலகையில் நாலு பாத்திரம் காய்கிறது. இரண்டு பெரியம்மா சூளைக்கு, இரண்டு 29சி-க்கு. அந்த இரண்டுக்கும் கைப்பிடி வைக்கவில்லை.