அகராதிச் செயலியும் இரண்டு சிறு கோடுகளும்

மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளை மூல மொழியிலேயே வாசிக்க உதவும் அகராதிச் செயலி ஒன்றின் ஆண்டுச் சந்தா குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சில ஆண்டுகளாக அதைப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்துகளைத் தேடுவதிலும் இலக்கண விளக்கத்திலும் குறை சொல்ல எதுவுமில்லை. என் மனத்தாங்கல் எல்லாம் ஓசைகளை எழுத்தில் காட்டும் ஒலிச்சொற்களைப் பற்றியது.

உரையாடல் குமிழ்களில் உள்ள அச்செழுத்தைச் செயலியின் கேமரா நொடியில் படித்துவிடுகிறது. ஒலிச்சொற்களையோ ஓவியர்கள் பெரும்பாலும் படத்தின் பகுதியாகவே சாய்த்தும் இழுத்தும் உடைத்தும் வரைகிறார்கள். கத்தகானா என்னும் ஜப்பானிய அசையெழுத்து வரிசையில் 'ஷி', 'ட்ஸு' ஆகிய இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவம் என்பதால், அங்கே செயலி தடுமாறினால் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, எழுத்தின் வலது மேல் மூலையில் இடப்படும் 'டாகுடென்' என்னும் இரண்டு சிறு கோடுகளை அது தூசியாகக் கருதித் தள்ளிவிடுவதுதான். 'ஸரஸர' என்றால் விரல்களுக்கிடையே நழுவும் கூந்தலின் வழவழப்பு. அதே எழுத்துகளில் இக்கோடுகளைச் சேர்த்தால் 'ஜரஜர', உப்புத்தாளின் சொரசொரப்பு. கதவை மெல்லத் தட்டுவதற்கும் ஓங்கி இடிப்பதற்கும் உள்ள வேறுபாடும் இந்தக் கோடுகள்தாம். கொலைகாரன் கதவை உடைத்துக்கொண்டிருக்கும் கட்டத்தில் செயலி எனக்குக் காட்டிய பொருள், 'மெல்லத் தட்டும் ஓசை'! உயிரெழுத்தான 'அ'வுக்கு முறைப்படி இக்கோடுகள் கிடையா. தொண்டை கிழியும் அலறலுக்காக ஓவியர்கள் அதற்கும் போடுவார்கள். அதைக் கண்டால் செயலி வாயடைத்துப் போகிறது.

ஆனால், சரியான சொல்லை நாமே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டால் கிடைக்கும் விளக்கங்கள் அருமையானவை. 'டோகிடோகி' என்பது தொடர்ந்த படபடப்பு. சிறிய 'ட்ஸு'வை இறுதியில் இட்டு வெட்டி நிறுத்திய 'டோகி' ஒரே ஒரு திடுக்கிடல். 'டொகுன்' கனத்து அடிக்கும் ஒற்றைத் துடிப்பு. நம் இரட்டைக்கிளவியைப் போலவே இரட்டிப்பு தொடர்ச்சியைக் காட்டுகிறது என்பதோடு, ஈற்றெழுத்து மாறும்போது அசைவின் தன்மையும் மாறுவதைப் பிரித்துச் சொல்கிறார்கள். பேச்சற்ற அமைதிக்கு 'ஷீன்', உற்றுப் பார்க்கும் பார்வைக்கு 'ஜீ' என்று ஓசையே இல்லாதவற்றுக்கும் ஒலிச்சொல் உண்டு என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே இந்தச் செயலிதான். இவ்வளவு நுட்பமாக எழுதியவர்கள் கேமராவை ஏன் இப்படி விட்டார்களோ!

நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம்; விலை இன்னும் பாதியானாலும் வேண்டாம். சந்தாவுக்குக் கூடுதலாகக் கிடைப்பது அந்தக் கேமரா மட்டுமே. கானா எனப்படும் ஜப்பானிய அசையெழுத்துகளைக் கையால் தட்டச்சு செய்யும் பொறுமை இருந்தால், அதே விளக்கங்கள் இலவசப் பதிப்பிலும் இருக்கின்றன.