செவன்: அட்டைப்பெட்டிக்குப் பிறகு வழக்கு எப்படிப் போகும்?

டேவிட் ஃபின்சரின் 'செவன்' (1995) படத்தை முதலில் பார்த்தபோது நான் சட்டக்கல்லூரி மாணவன். போன வாரம் மூன்றாம் முறை பார்த்தேன். இப்போது கிரிமினல் வக்கீல் என்பதால் விலங்கு, துப்பாக்கி, சாட்சி என்றே கண் ஓடுகிறது. முடிவைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள்.

ஏழு பாவங்களுக்கு ஏழு கொலை என்று திட்டமிட்ட கொலைகாரன் ஜான் டோ தானே வந்து சரணடைகிறான். டிடெக்டிவ்கள் மில்ஸும் சோமர்செட்டும் கூட வந்தால் மீதி இரண்டு உடல்களைக் காட்டி வாக்குமூலமும் தருவான், இல்லாவிட்டால் மனநிலை சரியில்லை என்று வாதாடுவோம் என்கிறார் அவன் வக்கீல். அரசுத் தரப்பு இறங்கிவருகிறது. எனக்கு இடிக்கும் இடம் இதுதான். அதிபர் ரீகனைச் சுட்ட ஹிங்க்லி 1982இல் அதே வாதத்தில் குற்றத்திலிருந்து விடுபட்டபோது அமெரிக்காவே கொதித்தது; 1984இல் கூட்டாட்சிச் சட்டத்தை இறுக்கினார்கள், பல மாநிலங்களும் இறுக்கின. ரேகை பதியக்கூடாது என்று விரல்நுனித் தோலைச் சீவிக்கொண்டவன் டோ. செய்வது தப்பு என்று தெரியாதவன் அதையா செய்வான்? இந்த மிரட்டலுக்கு எந்த அரசு வக்கீலும் பயப்படமாட்டார். ஐந்துக்கு நாலரை தருகிறேன். அந்த அரை இங்கே போனது.

சரி, மில்ஸின் மனைவி தலையோடு அட்டைப்பெட்டி வந்து, மில்ஸ் டோவைச் சுட்டபின்? டோ கையில் விலங்கோடு மண்டியிட்டிருக்கிறான். தற்காப்பு என்ற பேச்சே எடுபடாது. மில்ஸ் செய்தது கொலையா, ஆத்திரத்தில் நடந்த குறைந்த குற்றமா என்பதுதான் கேள்வி. வெறும் வார்த்தை ஆத்திரத்துக்குப் போதாது என்பது அங்கே பழைய விதி. ஆனால் மனைவியைக் கொன்ற சேதியையே ஒருவன் சொன்னால் சில நீதிமன்றங்கள் இளகும். அப்புறம் அந்தத் தயக்கம்: துப்பாக்கி ஏறுகிறது, இறங்குகிறது, முகம் கோணுகிறது. 'யோசிக்க நேரம் இருந்தது' என்பார் அரசு வக்கீல். 'மனம் உடைந்த மனிதனைப் பாருங்கள்' என்பேன் நான். ஆனால் ஒரு குண்டோடு அவர் நிற்கவில்லையே, அதை எப்படிச் சமாளிப்பேன்?

வேறு த்ரில்லராக இருந்தால் ஹீரோ தோளில் போர்வையைப் போர்த்தி அனுப்பியிருப்பார்கள். இங்கே மில்ஸ் போலீஸ் காரின் பின்சீட்டில் போகிறார். மேலே ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் பார்த்த சாட்சிகள். முக்கிய சாட்சி சோமர்செட். 'சுட்டால் அவன் ஜெயித்துவிடுவான்' என்று தடுத்தவரே கூண்டேறி நண்பனுக்கு எதிராக அதைச் சொல்ல வேண்டும். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு நாக்கு துறுதுறுக்கிறது.