தோட்டா வேகம் அளக்க எந்தக் கருவி? கார்மின் ஸீரோ சி1 ப்ரோ பற்றி என் கருத்து

ஹூஸ்டன் பக்கம் கேட்டி ஊரில் இருக்கும் நண்பர் ஒருவர், மதுரைக்காரர், போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணே, குரோனோகிராஃப் ஒன்னு வாங்கணும், நூத்தி முப்பது டாலர்லயும் இருக்கு, அறுநூறு டாலர்லயும் இருக்கு, எதை எடுக்கறது?" குரோனோகிராஃப் என்றால் தோட்டாவின் வேகத்தை அளக்கும் கருவி. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஹூஸ்டன் பக்கம் பல வருடமாக ரைஃபிள் சுடுகிறேன், தோட்டாவையும் வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறேன். திரை வைத்து அளப்பது, குழலில் கட்டி அளப்பது, ரேடார் என்று மூன்று வகையையும் பயன்படுத்திவிட்டேன். இப்போது என் பையில் இருப்பது கார்மினின் சின்ன ரேடார்.

முதலில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு. நான் சுடுவது 6.5 கிரீட்மோர் என்ற ரகத் தோட்டா. ஹார்னடி கம்பெனியின் 140 கிரெய்ன் (குண்டின் எடை) மேட்ச் தோட்டாவுக்கு, அதாவது போட்டிக்கான தோட்டாவுக்கு, அவர்கள் சொல்லும் வேகம் விநாடிக்கு 2710 அடி. அது 24 அங்குலக் குழலில் அளந்தது. என் குழல் 22 அங்குலம். அளந்து பார்த்தால் சராசரி 2650க்குப் பக்கத்தில்தான் வருகிறது. 100 கஜத்தில் இந்த அறுபது அடி வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, ஆனால் 1000 கஜத்தில் குண்டு ஓர் அடிக்கும் மேல் தாழ்ந்து போகும். கம்பெனி எண்ணை அப்படியே, குண்டு எவ்வளவு தாழும் என்று கணக்குப் போடும் பாலிஸ்டிக் ஆப்பில் போட்டுவிட்டு, காற்றையும் ஸ்கோப்பையும் குறை சொல்லிக்கொண்டே ஒரு சீசனை ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

தோட்டா நிரப்புகிறவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு, அதுதான் முக்கியமானது. உங்கள் குழல் நீளத்துக்குத் தோட்டா நிரப்பும் கையேட்டில் இருக்கும் உச்ச வேகத்தை உங்கள் தோட்டா தாண்டினால், உள்ளே அழுத்தமும் எல்லையைத் தாண்டியிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கேஸில் (தோட்டாவின் பித்தளை உறையில்) அடையாளம் எதுவும் தெரியவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அங்கேயே நிறுத்திவிட்டு வெடிமருந்தைக் குறையுங்கள்.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

விலை குறைந்தது ஒளித்திரை வகை. ப்ரோகுரோனோ, கால்ட்வெல் எல்லாம் இந்த ரகம், நூறிலிருந்து இருநூறு டாலருக்குள் கிடைக்கும். இரண்டு சென்சார்கள், மேலே வெள்ளைத் தடுப்பு. குண்டின் நிழல் முதல் சென்சாரைக் கடந்து இரண்டாவதைத் தொட எவ்வளவு நேரம் ஆனது என்று எண்ணுவதுதான் வேலை. இடைவெளி ஓர் அடி என்று வைத்துக்கொண்டால், 2700 அடி வேகத்தில் போகும் குண்டு அதைக் கடக்கும் நேரம் 370 மைக்ரோ விநாடி. நிழல் பத்தில் ஓர் அங்குலம் முன்னே பின்னே பதிவானால் போதும், விநாடிக்கு 22 அடி தப்பாகிவிடும். சாய்ந்த வெயில் செப்புக் குண்டின் பளபளப்பில் பட்டுத் திரும்பினால் அப்படித்தான் ஆகும், மேகம் மூடிய நாளில்தான் இந்தக் கருவிகள் நிம்மதியாக வேலை செய்யும். ஆஸ்டினில் இருக்கும் ஓலர் நிறுவனம் 35பி என்ற கருவியில் இதற்காகவே மூன்று திரை வைத்து, ஒரே குண்டை இரண்டு முறை அளந்து ஒப்பிட்டுக் காட்டியது. இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அந்த அளவை நம்பாதே என்று கருவியே சொல்லிவிடும். அந்த யோசனை மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஆனால் எனக்குத் திரை வகை ஒத்துவராததற்குக் காரணம் துல்லியம் இல்லை. குழல் வாயிலிருந்து பத்துப் பதினைந்து அடி முன்னால் அதை நிறுத்த வேண்டும். பொது ரேஞ்சில் (துப்பாக்கி சுடும் இடத்தில்) எல்லோரும் சுடுவதை நிறுத்தும்வரை காத்திருந்து, போய் ஸ்டாண்டை வைத்து, திரும்பி வந்து பார்த்தால் கொஞ்சம் கோணலாக இருக்கும், மறுபடி காத்திருக்க வேண்டும். என் முதல் கருவியை நானே சுட்டு உடைத்தேன். ஸ்கோப் வழியாகப் பார்த்தபோது பாதை காலியாகத்தான் தெரிந்தது. ஆனால் ஸ்கோப்புக்கு இரண்டு அங்குலம் கீழே குழல் இருக்கிறது, அவ்வளவு கிட்டத்தில் குண்டும் அந்த இரண்டு அங்குலம் கீழேதான் போகும், கம்பி அங்கேதான் நின்றது. இதை வாங்குகிறவர்கள் போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியாகவே கண்ணை வைத்துப் பாதையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்கோப்பை நம்ப வேண்டாம்.

அடுத்து மேக்னட்டோஸ்பீட். துப்பாக்கிமுனைக் கத்தி போலக் குழல் முனையில் பட்டையால் கட்டிவிட வேண்டும், மேலே குண்டு போகும்போது காந்த சென்சார்கள் எண்ணிவிடும். வெயில், நிழல் எதுவும் பிரச்சினை இல்லை, முன்னால் நடந்து போகவும் வேண்டாம், அளவும் நம்பகமானது. குறை என்னவென்றால் குழல் முனையில் எடை தொங்குவதால் குண்டு போய் விழும் இடம் மாறிவிடுகிறது. அதனால் வேகத்துக்குத் தனியாக, குறிக்குத் தனியாக என்று இரண்டு முறை சுட வேண்டும். மேட்ச் தோட்டா ஒன்று இரண்டு டாலரை நெருங்கும் காலத்தில், வேகத்துக்காக மட்டும் இருபது சுட யாருக்கும் மனசு வராது, ஐந்தோடு நிறுத்திவிடுவோம்.

அந்த ஐந்தில்தான் சிக்கலே. எஸ்டி என்று எல்லோரும் சொல்கிறோமே, திட்ட விலக்கம், தோட்டாவுக்குத் தோட்டா வேகம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு, அது ஐந்து தோட்டாவில் 10 என்று வந்தால் உண்மையான எண் 6 ஆகவும் இருக்கலாம், 29 ஆகவும் இருக்கலாம். புள்ளியியல் 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடியது அவ்வளவுதான். அதே 10 இருபது தோட்டாவில் வந்தால் எல்லை ஏறக்குறைய 7.6க்கும் 14.6க்கும் நடுவில் சுருங்கிவிடும். "எனக்கு எஸ்டி 4 வந்துச்சு" என்று மூன்று தோட்டா சுட்டுவிட்டுப் படம் போடுபவர்களின் எண்ணில் தகவல் என்று எதுவும் இல்லை. அதனால் ஒரு கருவியில் நான் முதலில் பார்ப்பது, சிரமமே இல்லாமல் நான் சுடும் ஒவ்வொரு தோட்டாவையும் அது பதிவு செய்யுமா என்பதைத்தான். தசமப் புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம் காட்டுகிறது என்பதெல்லாம் பிறகு.

இந்த இடத்தில் ரேடார் ஜெயிக்கிறது. வழியைத் திறந்தது லேப்ரேடார். ரயில் நம்மை நோக்கி வரும்போதும் விலகிப் போகும்போதும் ஹாரன் சத்தம் மாறுமே, அதே டாப்ளர் தத்துவம். அலையை அனுப்பி, ஓடும் குண்டின் பின்புறத்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியது என்று பார்த்து வேகத்தைச் சொல்லும். துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. குண்டை நூறு கஜம் வரை பின்தொடர்ந்து, வழியில் வேகம் எப்படிக் குறைகிறது என்றும் காட்டும். குண்டின் காற்றுத் தடையைத் தானே கணக்குப் போட விரும்புகிறவர்களுக்கு இது பெரிய வரம், கார்மினில் இது இல்லை. ஆனால் பெரிய ஆரஞ்சுப் பலகை, ஆறு ஏஏ பேட்டரி, இலக்கை நோக்கிச் சரியாகத் திருப்பி வைக்க வேண்டும், நெரிசலான ரேஞ்சில் பக்கத்து பெஞ்சின் வெடிச்சத்தமும் அதைத் தூண்டிவிடும். இப்போது எல்எக்ஸ் என்று சின்னதாகவும் விடுகிறார்கள், அதை நான் பயன்படுத்தியதில்லை.

கார்மின் ஸீரோ சி1 ப்ரோ 2023 கடைசியில் வந்தது, விலை 600 டாலர். உள்ளங்கையில் அடங்கும், நூறு கிராமுக்குச் சற்று மேல் எடை. கூடவே குட்டி முக்காலி தருகிறார்கள். பெஞ்சில் துப்பாக்கிக்குப் பக்கத்தில், குழல் வாய்க்குக் கொஞ்சம் பின்னால், இலக்கைப் பார்த்தாற்போல் வைத்துவிட்டு, ரைஃபிள் என்று தேர்ந்தெடுத்து, குண்டின் எடையைக் கொடுத்தால் முடிந்தது. காரிலிருந்து இறங்கி முதல் எண்ணைப் பார்க்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். விநாடிக்கு 100 அடியிலிருந்து 5000 அடி வரை அளக்கும், 0.1 சதவீதத் துல்லியம் என்று கம்பெனி சொல்கிறது, அதாவது 2700க்கு மூன்று அடிக்கும் குறைவு. உள்ளரங்கில் குழல் விளக்கு வெளிச்சத்திலும் வேலை செய்கிறது, பக்கத்து பெஞ்சின் குண்டை என்னுடையதாக எடுத்துக்கொண்டது மிக அபூர்வம். ஏர் ரைஃபிளுக்கும் வில்லுக்கும் தனி அமைப்பு இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பேட்டரி உள்ளேயே மூடியிருக்கிறது, ஒரு சார்ஜில் இரண்டாயிரம் ஷாட் தாங்கும் என்றாலும் பத்து வருடம் கழித்து என்ன செய்வது என்று நினைக்கத்தான் செய்கிறேன். மஸில் பிரேக் (வெடிக்கும் வாயுவைப் பக்கவாட்டில் தள்ளும் முனைப் பகுதி) மாட்டிய துப்பாக்கி பக்கத்தில் வெடித்தால் அந்த முக்காலி ஆடிப்போகும், நான் இப்போது சின்ன மணல் மூட்டை மேல் வைக்கிறேன்.

நான் கவனித்த பெரிய மாற்றம் இதுதான்: பயிற்சிக்குச் சுடுவதும் பதிவாகிவிடுகிறது. திரை வைத்திருந்த காலத்தில் வருடத்துக்கு அறுபது எண் சேர்ந்தால் அதிகம், இப்போது ஒரு மாதத்தில் அதைத் தாண்டிவிடுகிறேன். ஜனவரிக் காலையில் சுட்ட அதே தோட்டா ஆகஸ்ட் மதியத்தில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது செஷன்களை வரிசையாகப் பார்த்தாலே தெரிகிறது, அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கவே இல்லை.

தனி நிலம் இருந்து, பொறுமையும் இருந்து, செலவைக் குறைக்க நினைத்தால் திரை வகையே போதும், நன்றாக நிழல் கொடுத்து வையுங்கள். பொது ரேஞ்சில் சுடுகிறவர், தூரத்துக்குச் சுடுகிறவர் என்றால் கார்மினுக்குக் காசு சேர்த்து வைப்பதுதான் சரி, இடையில் இருநூறு டாலரில் ஒன்றை வாங்கி, பிறகு அதை விற்று, அப்புறம் இதற்கு வருவது வீண் செலவு.

நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன். "தம்பி, இப்ப எதையும் ஆர்டர் பண்ணாதே. சனிக்கிழமை காலைல என்னோடதை எடுத்துட்டு வர்றேன், உன் துப்பாக்கில இருபது தோட்டா சுட்டுப் பாரு, அப்புறம் பேசிக்கலாம்." இரண்டு பெட்டி தோட்டா எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.