ஆங்கில இலக்கணம்: பயிற்சித்தாளிலா, பாடத்திலா, பிள்ளையின் நோட்டிலா?

ஆறு முதல் எட்டு வரை ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஜூன் மாதமே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. வாரத்தில் கிடைக்கிற ஐந்தாறு பீரியடில் இலக்கணத்தை எங்கே வைப்பது? வழிகள் மூன்று. விதியைக் கரும்பலகையில் எழுதிக் கோடிட்ட இடம் நிரப்பச் சொல்வது முதல் வழி. பாடப் பகுதியை வாசிக்கும்போதே அதிலிருந்து இலக்கணத்தை எடுத்துக் காட்டுவது இரண்டாவது. பிள்ளையே எழுதிய எட்டு வரியை வைத்து நடத்துவது மூன்றாவது. நான் தேர்ந்தது மூன்றாவது வழி. இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

பயிற்சித்தாளின் நன்மைகள் தெரிந்தவைதான். தயாரிப்பது எளிது. நோட்டை மாற்றிக் கொடுத்தால் பத்துக் கேள்வியைப் பத்து நிமிடத்தில் பிள்ளைகளே திருத்திவிடுவார்கள். தேர்வுத்தாளும் ஏறக்குறைய இதே வடிவத்தில் வருகிறது. குறை என்னவென்றால், அங்கே கற்றது எழுத்துக்குள் வந்து சேருவதில்லை. 'யெஸ்டர்டே ஷி ---- டு தி மார்க்கெட்' என்று கொடுத்து, பக்கத்து அடைப்புக்குள் 'கோ' என்று போட்டால், ஏழாம் வகுப்பில் பெரும்பாலோர் 'வென்ட்' என்று சரியாக எழுதிவிடுவார்கள். அதே பிள்ளையிடம் நேற்று மாலை வீட்டில் நடந்ததை எழுதச் சொன்னால், 'யெஸ்டர்டே மை மதர் கோ டு மார்க்கெட்' என்று வருகிறது. காரணம் கவனக்குறைவு இல்லை. வினைச்சொல் எங்கே வர வேண்டும், எந்த வினைச்சொல், அதை மாற்ற வேண்டும் என்ற மூன்றையும் கோடிட்ட இடமே சொல்லிவிடுகிறது. பிள்ளைக்கு மிச்சம் இருப்பது ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கிற வேலை மட்டும். சொந்தமாக எழுதும்போது அந்த மூன்றும் பிள்ளையின் தலையில் விழுகிறது. போதாததற்கு 'மார்க்கெட்' என்பதற்கு எழுத்துக்கூட்டலையும் தேட வேண்டும்.

ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. 4 முதல் 12 வரையிலான வகுப்புகளில் எழுத்துப் பயிற்சி குறித்து நடந்த ஆய்வுகளை ஸ்டீவ் கிரகாமும் டோலரஸ் பெரினும் 2007-இல் தொகுத்துப் பார்த்தார்கள். சிறு வாக்கியங்களை இணைத்துப் பழகும் முறைக்கு விளைவு அளவு (அந்த முறையில் படித்தவர்களின் எழுத்து மற்றவர்களைவிட எவ்வளவு மேம்பட்டது என்பதைக் காட்டும் எண்; பூஜ்யத்துக்குக் கீழே போனால் பின்தங்கியது என்று பொருள்) 0.50 என்று கிடைத்தது. இலக்கணத்தைத் தனியாக நடத்தும் முறைக்கு −0.32. ஆனால் அந்த எண்களை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. அந்த ஆய்வுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் புழங்கும் சூழலில் படித்த பிள்ளைகள். நம் பிள்ளைகளுக்கு விதியை வாய்விட்டு விளக்கும் தேவை இருக்கிறது. அதனால் வாரம் பத்து நிமிடம் விதிக்கு ஒதுக்குவதில் தவறில்லை. பீரியடை முழுதாக அதற்கே கொடுப்பதுதான் வீண்.

விளக்கும்போது தமிழைத் துணைக்கு அழைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். 'தே கோஸ்' என்று பிள்ளைகள் ஏன் எழுதுகிறார்கள்? கடைசியில் 'எஸ்' சேர்த்தால் பன்மை என்று பெயர்ச்சொல்லில் படித்திருக்கிறார்கள், 'தே' பன்மை, எனவே வினையிலும் 'எஸ்' போடுகிறார்கள். அவர்கள் கணக்கில் அது சரிதான். வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறார்கள் என்று எழுதி, விகுதிக்கு மட்டும் அடிக்கோடிடுங்கள். தமிழில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வால் உண்டு, ஆங்கிலத்தில் 'ஹி, ஷி, இட்' மூன்றுக்கு மட்டும், அதுவும் நிகழ்காலத்தில் மட்டும், ஒரு வால் மிச்சமிருக்கிறது என்று சொன்னால் ஆறாம் வகுப்புக்கே பிடிபடும். அதுபோலவே 'ஹி டீச்சர்'. 'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் முழு வாக்கியம். நடுவில் ஒரு வினை வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்ற வழியே இல்லை.

இரண்டாவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாடத்திலிருந்து இலக்கணம் எடுப்பதில் வாசிப்பும் நடக்கும், தனியாகச் செலவும் இல்லை. ஆனால் ஒரு பாடப் பத்தியில் மூன்று நான்கு காலங்கள் கலந்து வரும். எதைக் காட்டுவது என்று முதல் நாளே பென்சிலால் குறித்து வைக்காவிட்டால் வகுப்பு அலைபாயும். கண்டுபிடிப்பது வேறு, எழுதுவது வேறு. இந்த வழி முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. மாதிரி வாக்கியம் எடுக்க மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளையின் நோட்டை வைத்து நடத்துவதைப் பலர் தொடங்கிவிட்டு ஆகஸ்டுக்குள் கைவிடுவதற்கு ஒரே காரணம் திருத்தும் வேலை. நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு எட்டு வரி, எல்லாப் பிழையையும் சிவப்பு மையில் திருத்தினால் ஒரு நோட்டுக்கு மூன்று நிமிடம் ஆகும். ஒரு வகுப்புக்கு இரண்டு மணி நேரம். மூன்று பிரிவு இருந்தால் வாரம் ஆறு மணி நேரம். யாராலும் முடியாது. முடிந்தாலும் பயன் குறைவு. முழுக்கச் சிவந்த பக்கத்தைப் பிள்ளை படிப்பதில்லை, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறது. எந்த வழி நிலைக்கும் என்பதை இந்த ஒரு கணக்கே தீர்மானிக்கிறது. திருத்தும் நேரத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் மூன்றாவது வழியே சிறந்தது. முடியாதென்றால் பயிற்சித்தாளுக்கே போய்விடலாம்.

கட்டுக்குள் கொண்டுவருவது இப்படி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு இலக்கு. பக்கத்தின் மேலே 'இன்றைய இலக்கு: பாஸ்ட் டென்ஸ்' என்று பிள்ளையே எழுத வேண்டும். ஒரு வரி விட்டு ஒரு வரியாக எட்டு வரி. ஆசிரியர் அந்த இலக்கில் பிழை உள்ள வரிக்கு நேரே, இடது மார்ஜினில் ஒரு புள்ளி மட்டும் வைக்க வேண்டும். சொல்லின் மேல் வைக்கக் கூடாது. சொல்லின் மேல் வைத்தால், பிள்ளை யோசிக்காமல் அந்தச் சொல்லை ஏதாவது ஒன்றாக மாற்றிவிடும். வரிக்கு நேரே வைத்தால்தான் தேடும். நோட்டைத் திருப்பிக் கொடுத்ததும், விட்ட வரியில் பென்சிலால் திருத்தி எழுத ஐந்து நிமிடம். கண்டுபிடிக்காத வரிக்கு அடுத்த சுற்றில் சொல்லின் கீழ் இரண்டாவது புள்ளி. இப்படிப் பார்த்தால் ஒரு நோட்டுக்கு நாற்பது நொடி, வகுப்புக்கு அரை மணி நேரத்துக்குள் வேலை முடியும்.

நோட்டு மறுநாளே திரும்பிப் போக வேண்டும். மூன்று நாள் கழிந்தால் தான் என்ன சொல்ல வந்தோம் என்பதே பிள்ளைக்கு மறந்துபோகும். தலைப்பும் கைடில் இல்லாததாக இருக்க வேண்டும். 'மை ஸ்கூல்', 'மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' கொடுத்தால் மனப்பாடப் பத்திதான் வரும், அதில் திருத்த ஒன்றும் இருக்காது. 'நேற்று சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து தூங்கும் வரை' என்று கொடுங்கள். இன்னொரு சிக்கலும் வரும். வட்டாரக் கல்வி அலுவலரோ பெற்றோரோ நோட்டைப் புரட்டும்போது, திருத்தாமல் விட்ட எழுத்துப்பிழைகள் கண்ணில் படும். மேலே எழுதிய இலக்கைக் காட்டி விளக்கலாம். கேள்வி வருவதற்கு முன்பே தலைமையாசிரியரிடம் சொல்லி வைப்பது இன்னும் நல்லது.

கடைசிப் பக்கத்தில் தேதி, இலக்கு, புள்ளிகளின் எண்ணிக்கை என்று மூன்று கட்டம் போட்டு வைக்கலாம். தொடர்ந்து மூன்று முறை வகுப்பில் பெரும்பாலோருக்கு ஒரு புள்ளிக்கு மேல் இல்லையென்றால் இலக்கை மாற்றலாம். இறந்தகால வினையில் தொடங்கி, அடுத்து 'டிட் நாட் வென்ட்' போன்ற இரட்டை இறந்தகாலம், பிறகு விடுபட்ட 'இஸ், ஆர்', பிறகு 'எஸ்' வால். 'எ, ஆன், தி' கடைசியில்தான். அதிகம் வரும் பிழை அதுதான் என்றாலும், ஒரு புள்ளியைப் பார்த்துப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கக்கூடிய பிழை அல்ல. அதில் இந்த முறை எவ்வளவு தூரம் உதவும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இதோடு வாரம் பத்து நிமிடம் வாக்கிய இணைப்பு. 'தி பாய் இஸ் மை பிரதர். ஹி இஸ் வேரிங் எ ப்ளூ ஷர்ட்.' இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். தமிழில் 'நீலச் சட்டை போட்ட பையன்' என்று பெயரெச்சம் முன்னால் வரும், ஆங்கிலத்தில் அந்த விவரம் பெயருக்குப் பின்னால் போகும். இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். 'தி பாய் ஹூ ஹி இஸ் வேரிங்' என்று 'ஹி'-யையும் விடாமல் வைத்துக்கொள்வார்கள். 'ஹூ' வெறும் ஒட்டுச்சொல் என்று நினைப்பதால் வருகிற பிழை இது. இரண்டாவது வாக்கியத்தில் 'ஹி'-யை விரலால் மறைத்து, அதே இடத்தில் 'ஹூ' எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்த வாக்கியம் முழுவதையும் 'பாய்'க்கு அடுத்து நகர்த்தச் சொல்லுங்கள். நான்கைந்து வாக்கியத்தில் கை பழகிவிடும்.

பருவத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு பயிற்சித்தாளுக்கு மாறிவிடலாம். கேள்வி வடிவம் பழக அது போதும். எழுத்துக்கூட்டியே வாசிக்க முடியாத பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் இருந்தால் எட்டு வரி கேட்க வேண்டாம். அவர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் இரண்டு வரியாக நீங்களே எழுதிக் கொடுங்கள், பார்த்து எழுதட்டும். மறுநாள் அதில் வினைச்சொல்லை மட்டும் அழித்துவிட்டு, நினைவிலிருந்து நிரப்பச் சொல்லுங்கள். புள்ளி வைக்கிற வேலையை அவர்கள் தாமாகவே ஒரு வரி எழுதிய பிறகு தொடங்கலாம்.